ஒரு வாரத்தைத் தாண்டிய தலைவலி: மூளை டிபியை வீட்டில் இருப்பவர்கள் கண்டுகொள்வது எப்படி

வீட்டில் வயது வந்த ஒருவருக்குத் தலைவலி ஒரு வாரத்தைத் தாண்டிவிட்டது, காய்ச்சல் விட்டுவிட்டு அடிக்கிறது, சோறு இறங்கவில்லை. இப்படியென்றால் முதலில் காலண்டரை எடுங்கள். தினசரிக் காலண்டரோ மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரோ, எது இருந்தாலும் போதும். ஸ்கேன் எங்கே எடுப்பது, யாரைப் பார்ப்பது என்பதெல்லாம் அடுத்தது.

நான் தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் நரம்பியல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டிபி மெனிஞ்சைட்டிஸ், அதாவது மூளையைச் சுற்றியுள்ள உறையில் வரும் காசநோய், எங்கள் வார்டுக்குப் புதிய விருந்தாளி இல்லை. வார்டில் சுருக்கமாக மூளை டிபி என்போம். கூட வந்தவர் சொல்லும் நாள் கணக்கை வைத்துத்தான் டாக்டருக்கு அதில் முதல் சந்தேகமே வரும். அந்தக் கணக்கு தப்பினால், எம்.ஆர்.ஐ. மெஷின் பக்கத்து அறையில் இருந்தாலும் நோயாளி அங்கே போய்ச் சேர நாலு நாள் ஆகும். அதனால் அறிகுறிகளோடு சேர்த்து, அவற்றை எப்படிப் பார்ப்பது, எப்படிக் குறித்துவைத்துச் சொல்வது என்பதையும் எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அறிகுறிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நுரையீரல் வழியாக உடம்பில் நுழைந்த டிபி கிருமி ரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகும். அங்கே சின்ன முடிச்சாகப் பதுங்கும். மாதமோ வருஷமோ கழித்து, உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்த ஒரு சமயத்தில் அந்த முடிச்சு உடைந்து, மூளையைச் சுற்றி ஓடும் நீரில் கிருமி கலந்துவிடும். அதற்கப்புறம் மூளையின் அடிப்பாகத்தில் கெட்டியான கசிவு படிய ஆரம்பிக்கும். எல்லாத் தொல்லையும் இந்தக் கசிவால்தான். அந்த இடத்தைக் கடந்து போகிற கண் நரம்பு, முக நரம்பு எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். மூளை நீர் ஓடும் பாதை அடைபட்டு, தலைக்குள் அழுத்தம் ஏறும். ரத்தக் குழாய்கள் சுருங்கிப் பக்கவாதம் வரும். இரட்டையாகத் தெரிவது, ஓயாத வாந்தி, ஒரு பக்கம் கை கால் விழுவது ஆகிய மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறவை.

இருமல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிற நோயாளிகளும் நிறைய. "எங்க வீட்ல யாருக்கும் சளியே கிடையாது, டிபி எப்படி வரும்?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. வரும். சின்ன வயசில் பி.சி.ஜி. என்ற டிபி தடுப்பூசி போட்டதும் கணக்கில் வராது. அது குழந்தைகளை இந்த நோயிலிருந்து நன்றாகக் காக்கும். நாற்பது வயதுக்காரருக்கு அதை நம்ப முடியாது.

நாள் கணக்கை எடுப்பது

"எத்தனை நாளாம்மா தலைவலி?"

"ரெண்டு மூணு நாளாத்தான் சிஸ்டர்."

இந்தப் பதிலை நான் கேஸ் ஷீட்டில் எழுத மாட்டேன். மேற்கொண்டு கேட்பேன்.

"பொங்கலுக்கு எப்படி இருந்தாரு? கரும்பு கடிச்சாரா?"

"இல்ல சிஸ்டர், வாயெல்லாம் கசக்குதுன்னுட்டாரு."

"வேலைக்குப் போனாரா?"

"போனாரு. ஆனா மத்தியானமே திரும்பி வந்து படுத்துருவாரு."

"முழு நாள் வேலை பார்த்தது கடைசியா எப்போ?"

"அது... தை பொறக்கறதுக்கு முந்தி."

இந்தப் பேச்சு நடந்தது மாசி பாதியில். ரெண்டு மூணு நாள் என்று ஆரம்பித்தது ஒரு மாதத்துக்கு மேல் போய் நின்றது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. வாந்தி எடுத்து, பேச்சு குழறி, பயந்துபோன நாளிலிருந்துதான் எல்லோரும் எண்ணத் தொடங்குகிறார்கள். நோய் அதற்கு வெகு முன்பே ஆரம்பித்திருக்கும்.

ஆகவே தேதியை நேரடியாகக் கேட்டால் கிடைக்காது. விசேஷங்களை வைத்துக் கேளுங்கள்: தீபாவளி, ஆடிப்பெருக்கு, ஊர்க் கொடை, சொந்தத்தில் நடந்த கல்யாணம். கடைசியாக ஒரு தட்டுச் சோறு முழுசாகச் சாப்பிட்டது எப்போது? பெல்ட்டில் ஓட்டை மாற்றியது எப்போது? தலைவலிக்கு முதல் மாத்திரை வாங்கியது எப்போது? இந்தக் கடைசிக் கேள்விக்கு இப்போது சுலபமான வழி இருக்கிறது. போனில் கூகுள் பேயைத் திறந்து மெடிக்கல் ஷாப்புக்கு அனுப்பிய நாற்பது ரூபாய், அறுபது ரூபாய்களைத் தேடுங்கள். தேதி, நேரத்தோடு கிடைக்கும்.

சாதாரண பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சல் மணிக் கணக்கில், மிஞ்சினால் ஒன்றிரண்டு நாளில் ஆளைச் சாய்த்துவிடும். வைரஸால் வருவது பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் ஒரு திருப்பத்துக்கு வந்துவிடும். டிபி வாரக் கணக்கில் ஊர்ந்து வரும். ஆராய்ச்சிக்காகச் சர்வதேச நிபுணர்கள் கூடி வகுத்து 2010-இல் வெளியான மதிப்பெண் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் அறிகுறி ஐந்து நாளைத் தாண்டியிருந்தால் 4 மதிப்பெண். எடை குறைதல், இரவு வியர்வை, நாள்பட்ட இருமல் ஆகியவற்றுள் ஏதாவது இருந்தால் 2. ஓராண்டுக்குள் நுரையீரல் டிபி உள்ளவரோடு பழகியிருந்தால் 2. கை கால் பலவீனம், கண் அல்லது முக நரம்பு பாதிப்பு, நினைவு மாறுதல் இவற்றுக்குத் தலா 1. கண் முன்னால் தெரிகிற பக்கவாதத்துக்கு 1, நீங்கள் எண்ணிச் சொல்ல வேண்டிய நாளுக்கு 4.

ஆரம்ப வாரங்களில் தெரிவது

தலைவலி விட்டு விட்டு வராது. நாள் முழுக்க இருக்கும். மாத்திரை போட்டால் மூன்று நான்கு மணி நேரம் அடங்கி மறுபடி எழும். விடியற்காலையில், இருமும்போது, குனியும்போது கூடும். "இதுக்கு முன்னால இப்படி வலிச்சதில்ல" என்று நோயாளியே சொல்வார். வருஷக்கணக்கில் ஒற்றைத் தலைவலி உள்ளவர் "இது அந்த வலி இல்ல" என்று சொன்னால் அவர் பேச்சை நம்புங்கள்.

காய்ச்சல் பெரும்பாலும் சாயங்காலம் எட்டிப் பார்க்கும், ராத்திரி வேர்த்துக் கொட்டும், காலையில் இருக்காது. காலையில் கிளினிக்குக்குப் போனால் தெர்மாமீட்டரில் ஒன்றும் தெரியாது. அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டிலேயே பார்த்து எழுதி வையுங்கள்.

அப்புறம் வாந்தி. சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. குமட்டல்கூட இல்லாமல் பீய்ச்சி அடிக்கும். பித்தம், கேஸ் என்று இஞ்சிச் சாறு கொடுத்து நாளைக் கழிப்பது இந்தக் கட்டத்தில்தான்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம் குணம் மாறுவது. சாதுவான மனுஷன் எரிந்து விழுவார். பேச்சாளி மௌனமாகிவிடுவார். ஒரு டீ மாஸ்டர், சர்க்கரை இல்லாத டீ கேட்கும் வாடிக்கைக்காரருக்குச் சர்க்கரை போட்டே கொடுத்துக்கொண்டிருந்தாராம். முதலாளி 'இவன் காலையிலேயே ஊத்திக்கிட்டு வர்றான்' என்று நினைத்து வேலையை விட்டு நிறுத்திவிட்டார். இந்த மாறுதல் டாக்டரின் டார்ச்சுக்கும் சுத்தியலுக்கும் பிடிபடாது. இருபது வருஷம் கூட வாழ்ந்தவருக்குத்தான் தெரியும்.

வேறு பெயரில் ஒளிந்துகொள்ளும் விதம்

வார்டுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு பை இருக்கும். அதற்குள் பழைய சீட்டுகள். அந்தச் சீட்டுகளில் நான் பார்த்த பெயர்கள்: சைனஸ், கண் பவர், டைபாய்டு, பிரஷர், மன அழுத்தம். அந்த டாக்டர்களைக் குறை சொல்லவில்லை. முதல் வாரத்தில் இந்த நோய் அப்படித்தான் இருக்கும், தலைவலி வந்த எல்லோருக்கும் முதுகில் ஊசி குத்தி மூளை நீரை எடுத்துப் பார்க்க முடியாது. ஆனால் மூன்று விஷயத்தில் வீட்டுக்காரர்கள் உஷாராக இருக்கலாம்.

ஒன்று, டைபாய்டுக்கென்று கொடுக்கும் சில ஆன்டிபயாடிக் மருந்துகள். ஆஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் டிபி கிருமியையும் ஓரளவு அடக்கும். நாலு நாள் தேறினாற்போல் இருந்து, மாத்திரை முடிந்ததும் பழையபடி ஆகும். வீட்டில் 'டைபாய்டு திரும்பிடுச்சு' என்பார்கள்.

இரண்டு, கலவை ஊசியும் மெடிக்கலில் பிரித்துக் கொடுக்கும் செட் மாத்திரையும். அதற்குள் ஸ்டீராய்டு இருந்தால் மூளை வீக்கம் தற்காலிகமாக வற்றி, வலி பறந்துவிடும். "ஊசி போட்டா ரெண்டு நாள் ஜம்முனு இருக்காரு சிஸ்டர்" என்று சொன்னால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். அந்த மாத்திரை அட்டையை, பாதி கிழிந்திருந்தாலும், தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள்.

மூன்று, சோடியம். இப்போதெல்லாம் வயசானவர் சோர்ந்து படுத்தாலே "உப்பு குறைஞ்சிருக்கு" என்று டிரிப் ஏற்றி அனுப்புவது சகஜமாகிவிட்டது. மூளை டிபியிலும் சோடியம் அடிக்கடி குறையும். தலைவலியும் காய்ச்சலும் கூட இருந்தால், உப்பு ஏன் குறைந்தது என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு டிஸ்சார்ஜ் சீட்டை வாங்குங்கள்.

குடிப்பழக்கம் உள்ளவர் பிதற்றினால் கதை இன்னும் குழம்பும். "குடியை நிறுத்தினான், அதான் உளர்றான்" என்பார்கள். குடியை நிறுத்தியதால் வரும் பிதற்றல் பெரும்பாலும் நிறுத்திய மூன்று நான்கு நாளுக்குள் வந்துவிடும். ஆகவே ஒன்றை விசாரியுங்கள்: அவர் ஏன் நிறுத்தினார்? யார் புத்தி சொல்லியும் கேட்காதவர், தலைவலியாலும் வாந்தியாலும் குடிக்க முடியாமல் தானாக நிறுத்தியிருந்தால், நோய் முதலில் வந்தது. பிதற்றல் அதன் தொடர்ச்சி.

பிள்ளை பெற்ற பெண்கள் விஷயத்திலும் கவனம் வேண்டும். கர்ப்பத்தில் அடங்கியிருந்த டிபி, பிரசவத்துக்குப் பிந்திய மாதங்களில் தலை தூக்குவது உண்டு. பச்சை உடம்புக்காரிக்குத் தலைவலி என்றால் தூக்கம் இல்லாதது, பனி பட்டது, மயக்க ஊசி போட்டது என்று ஆயிரம் காரணம் சொல்ல ஆள் இருக்கும். மசக்கை வாந்தி என்று ஆறாம் மாதத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றால், கூடவே தலைவலியும் உண்டா என்று கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. எச்.ஐ.வி. உள்ளவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள், மூட்டுவாதத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், முன்பு டிபி வந்து மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் ஆகியோருக்கும் தலைவலி ஒரு வாரம் தாண்டினால் பொறுத்துப் பார்க்கக் கூடாது.

பேய், காத்து, கருப்பு என்று கோடாங்கியிடம் போவதை நான் தடுத்ததில்லை, தடுத்தாலும் கேட்கப்போவதில்லை. ஸ்கேனும் முதுகு நீரும் எடுத்த பிறகு போங்கள் என்றுதான் சொல்வேன். உடுக்கைக்கு ஒரு நாள் பொறுக்கத் தெரியும்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக் கூடியவை

நோயாளியை வெளிச்சத்தில் உட்கார வைத்து எதிரில் உட்காருங்கள். தலையை ஆட்டாமல் உங்கள் விரலைக் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். வலது ஓரம், இடது ஓரம், மேல், கீழ். ஒரு கண் வெளி ஓரம் வரை போகாமல் நடுவில் நின்றுவிட்டால், அல்லது அந்தப் பக்கம் பார்க்கும்போது விரல் இரண்டாகத் தெரிந்தால், அது ஆறாவது மூளை நரம்பு. இந்த நோயில் அதிகம் அடிபடுவது அதுதான். இமை தொங்குகிறதா, ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாக இருக்கிறதா, சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா என்றும் பாருங்கள். படியில் கால் வைக்கும்போது தடுமாறுகிறவர், டிவி பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்கிறவர், இவர்களுக்கு இரட்டையாகத் தெரிகிறது என்பது அவர்களுக்கே சொல்லத் தெரியாமல் இருக்கலாம்.

கழுத்து: மல்லாக்கப் படுக்க வைத்து, மோவாயை நெஞ்சில் தொடச் சொல்லுங்கள். நீங்கள் பிடித்து அழுத்த வேண்டாம். தொட முடியாமல் பிடரி விறைத்துக்கொண்டால் கவனிக்க வேண்டியது. வயசானவர்களுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் இருக்குமே என்றால், தேய்மானத்தில் எந்தப் பக்கம் திருப்பினாலும் பிடிக்கும். உறை அழற்சியில் பக்கவாட்டில் ஓரளவு திரும்பும், முன்னால் மட்டும் குனியாது. ஒன்றை மறக்காதீர்கள்: முதல் வாரங்களில் கழுத்து விறைப்பே இல்லாமலும் இருக்கும். வெளிச்சம் கூசுவதும் இதில் அவ்வளவாக இருப்பதில்லை. 'கழுத்து நல்லா மடங்குது, அப்போ மூளைக்காய்ச்சல் இல்ல' என்று முடிவு கட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

நினைவு: இன்று என்ன கிழமை, நேற்று ராத்திரி என்ன சாப்பாடு, கடைசிப் பேரனின் பெயர் என்ன? பதில் வருகிறதா என்பதோடு, எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

சிறுநீர்: இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. காலையிலிருந்து போகவில்லை, அடிவயிறு உப்பியிருக்கிறது, கால் இரண்டும் பலமில்லாமல் இருக்கிறது என்றால் நோய் தண்டுவடத்தின் உறைக்கும் இறங்கியிருக்கலாம்.

இதில் எது தென்பட்டாலும் இன்றே பெரிய மருத்துவமனை: இரட்டையாகத் தெரிவது, பார்வை மங்குவது, ஒரு பக்கம் கை காலில் பலம் குறைவது, பிதற்றல், எழுப்பினால்கூட மறுபடி கண் சொருகுவது, வலிப்பு, நிற்காத வாந்தி. 108-க்குப் போன் செய்யுங்கள். சி.டி. ஸ்கேனும் லேபும் இருக்கிற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ போவது நல்லது. நடுவில் ரெண்டு கிளினிக் ஏறி இறங்கினால் அரை நாள் போய்விடும். வலிப்பு வந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து திணிக்க வேண்டாம், வாயில் தண்ணீரும் ஊற்ற வேண்டாம்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை இந்த நோய்க்குப் பிரிட்டனில் பரிசோதித்து 1948-இல் வெளியிட்ட ஆய்வில் நோயாளிகளை மூன்று படியாகப் பிரித்தார்கள். அதே பிரிவினைதான் சில மாற்றங்களோடு இன்றும் கேஸ் ஷீட்டில் எழுதப்படுகிறது. முதல் படியில் ஆள் தெளிவாக இருக்கிறார், நரம்புக் கோளாறு எதுவும் இல்லை. இரண்டாவதில் குழப்பம், அல்லது கண், முகம், கை கால் எதிலாவது பாதிப்பு. மூன்றாவதில் நினைவு தப்பிவிட்டது. எந்தப் படியில் மருந்து ஆரம்பித்தோம் என்பதை வைத்தே பிழைப்பாரா, பிழைத்தால் எப்படிப் பிழைப்பார் என்பது பெரும்பாலும் முடிவாகும். வியட்நாமில் 545 பேரை வைத்து நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், டிபி மாத்திரையோடு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு சேர்த்தவர்களில் 32 சதவீதம் பேரும் சேர்க்காதவர்களில் 41 சதவீதம் பேரும் ஒன்பது மாதத்துக்குள் இறந்தார்கள். நல்ல மருந்து கொடுத்தும் இந்தக் கணக்கு.

டாக்டரிடம் கொடுக்க வேண்டிய காகிதம்

ஓபியில் உங்களுக்குக் கிடைப்பது மிஞ்சிப்போனால் ரெண்டு நிமிஷம். பேச வேண்டாம், எழுதிக் கொடுங்கள். இந்த மாதிரி:

"வயது 42. டீக்கடை வேலை. சர்க்கரை உண்டு, மாத்திரை ஒழுங்கில்லை. மார்கழிக் கடைசியிலிருந்து தினமும் தலைவலி. சாயங்காலக் காய்ச்சல், நேற்று 6 மணிக்கு 100.8. பேன்ட் லூசாகிவிட்டது. தை 20 வாக்கில் குணம் மாறியது, வேலையில் தப்பு. மூன்று நாளாக வாந்தி. நேற்றிலிருந்து இரண்டாகத் தெரிகிறது. சாப்பிட்ட மாத்திரை அட்டைகள் இத்துடன். கூட வேலை பார்த்தவர் போன வருஷம் டிபி மாத்திரை சாப்பிட்டார்."

பதினொரு வரி. இதைக் கையில் வைத்திருக்கிற டாக்டர் அடுத்து என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும்: ஸ்கேன், எச்.ஐ.வி., முதுகு நீர்.

முதுகில் ஊசி என்றதும்

இங்கேதான் பாதிக் குடும்பம் கையெழுத்துப் போட மறுத்து வராந்தாவில் நிற்கும். "முதுகுத் தண்டுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்" என்று யாராவது ஒரு மாமா கிளப்பிவிட்டிருப்பார். தண்டுவடம் இடுப்பெலும்பின் முதல், இரண்டாம் கண்ணி அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் அல்லது நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில். அங்கே நரம்பு இழைகள் நீரில் மிதந்துகொண்டிருக்கும். எடுப்பது பத்து மில்லி அளவு. உடம்பு ஒரு நாளைக்கு அரை லிட்டர் மூளை நீரைச் சுரக்கிறது. எடுத்தது சீக்கிரமே ஊறிவிடும். சிலருக்கு இரண்டொரு நாள், எழுந்து உட்கார்ந்தால் தலை வலிக்கும், படுத்தால் போய்விடும். தலைக்குள் அழுத்தம் அதிகம் என்று சந்தேகம் இருந்தால் முதலில் ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுவார்கள்.

நோயாளியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, தலையைக் குனிய வைத்துப் பிடித்துக்கொள்வது எங்கள் வேலை. அவர் அசையாமல் இருந்தால் குத்துவதோடு சரி. சீழ் போலக் கலங்கலாக வந்தால் அது வேறு கிருமி. டிபியில் நீர் பெரும்பாலும் தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ சொட்டும். அந்தக் குழாயை ஆட்டாமல் கொஞ்ச நேரம் வைத்தால், சில சமயம் உள்ளே நூலாம்படை போல ஒரு மெல்லிய இழை தொங்கும். புரதம் மிகுந்திருப்பதன் அடையாளம் அது. லேபில் நிணநீர் அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள் கூடியும், புரதம் ஏறியும், சர்க்கரை ரத்தச் சர்க்கரையில் பாதிக்கும் கீழேயும் இருக்கும். அதனால்தான் ஊசி போடும் அதே நேரத்தில் விரலிலும் குத்திச் சர்க்கரை பார்க்கிறோம். 'எதுக்கு ரெண்டு எடத்துல குத்துறீங்க' என்று கோபப்பட வேண்டாம்.

கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை முடிவு அன்றே வரலாம். பாசிட்டிவ் என்றால் விஷயம் முடிந்தது. நெகட்டிவ் என்றால் முடியவில்லை. நீரில் கிருமி மிகக் குறைவாக இருக்கும், சோதனைக்குத் தப்பிவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரம் வரை ஆகும். அதுவரை காத்திருந்தால் ஆள் இருக்க மாட்டார். ஆகவே "நெகட்டிவ்னு வந்துருக்கு, ஏன் டிபி மாத்திரை குடுக்கறீங்க" என்று மாத்திரையை மறுக்காதீர்கள். நாள் கணக்கு, நீரின் அளவுகள், ஸ்கேன் மூன்றையும் வைத்துத்தான் டாக்டர் ஆரம்பிக்கிறார்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு

சிகிச்சை ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை. அரசில் மாத்திரை இலவசம். டிபி நோயாளிகளுக்கான அரசின் நிக்‌ஷய் திட்டத்தில் பதிவாகிவிட்டால் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். சந்தேகத்துக்கு 1800 11 6666 இலவச எண். ஸ்டீராய்டு ஆறு முதல் எட்டு வாரம், படிப்படியாகக் குறைப்பார்கள். நடுவில் முகம் உப்புகிறது, சர்க்கரை ஏறுகிறது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

முதல் சில வாரத்தில் நன்றாகத் தேறி வந்தவருக்குத் திடீரென்று மறுபடி தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் வரலாம். மூளை நீர் அடைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அந்த நீரை வடிக்க ஷண்ட் என்ற குழாய் வைக்க வேண்டியிருக்கும். கிருமி செத்துக்கொண்டிருக்கும்போதே உடம்பின் எதிர்ப்பால் வீக்கம் கூடுவதும் உண்டு. இரண்டிலும் மாத்திரையை நிறுத்துவது வழி இல்லை, அன்றே திரும்பி வருவதுதான் வழி.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்பட வேண்டாம், ரிஃபாம்பிசின் மாத்திரையின் சாயம் அது. கண்ணின் வெள்ளை மஞ்சளானால், சோற்றைப் பார்த்தாலே குமட்டினால், கல்லீரலைப் பார்க்க ரத்தம் எடுக்க வேண்டும். எதாம்பியூட்டால் மாத்திரை சிலருக்குப் பார்வை நரம்பைத் தொடும். நோயே தொடுவதும் உண்டு. வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பேப்பரில் சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கண்ணை மாற்றுங்கள். சிவப்பு மங்கித் தெரிகிறது என்றாலோ, போன வாரம் படித்த எழுத்தை இந்த வாரம் படிக்க முடியவில்லை என்றாலோ மறுநாளே கண் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

மூளையில் இருக்கும் டிபி அடுத்தவருக்கு ஒட்டாது. நுரையீரலிலும் இருந்தால்தான் இருமலில் பரவும். அதை எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் சொல்லிவிடும். ஆகவே தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்து அவரைத் திண்ணையில் படுக்கப் போடாதீர்கள். ஆனால் கிருமி யாரோ ஒருவருடைய இருமலிலிருந்துதான் அவருக்கு வந்தது. வீட்டில், வேலையிடத்தில், லாரியில் கூடப் போகிறவர்களில், இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் யாரென்று பார்த்து, அவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய்ச் சளி கொடுக்க வையுங்கள்.